சீருடைப் பிழைக்குத் தகுதிநீக்கம்: தண்டனை யாரிடம் போய்ச் சேர வேண்டும்?

2024 செப்டம்பர் 8, காலை (ஒரு வாசகரின் கேள்வி)

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் சீருடை விதியை மீறியதற்காக மாணவர்களைத் தகுதிநீக்கம் செய்வது கொடுமை என்று பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் கொடுமை எதுவும் தெரியவில்லை. விதி அச்சில் இருக்கிறது, பருவம் தொடங்கும் முன்பே எல்லாருக்கும் அது தரப்படுகிறது. அதைப் படித்து நடக்க முடியாதவர் தோற்பதில் என்ன அநியாயம்?

செப்டம்பர் 8, இரவு

நான் ஒஹையோவில் வசிக்கிறேன். பள்ளித் தடகளத்திலும், புல்வெளியிலும் மேடுபள்ளத்திலும் ஓடும் கிராஸ் கன்ட்ரி ஓட்டத்திலும் உரிமம் பெற்ற நடுவராகச் சில ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். சனிக்கிழமை காலைகளில் ஈரப் புல்வெளியில் நின்றுகொண்டு பிள்ளைகளின் கால்சட்டைகளை உற்றுப் பார்ப்பது என் வேலையின் ஒரு பகுதி என்பதால், உங்கள் கேள்வியைத் தள்ளிவிட எனக்கு உரிமை இல்லை. விதி என்று ஒன்று இருந்தால் அதற்கு ஒரு விளைவும் இருக்க வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அந்த விளைவு எந்த நேரத்தில், யார் தலையில் இறங்குகிறது என்பதில்தான் நாம் பிரிகிறோம்.

2010 மே மாதம் தெற்கு கலிபோர்னியாவில், ரியோ ஹோண்டோ லீக் போட்டியில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். சவுத் பாசடேனா பள்ளியைச் சேர்ந்த ஒரு மாணவி கோலூன்றித் தாண்டுதலில் 7 அடி 6 அங்குலத்தைக் கடந்தார். லீக் பட்டம் எந்தப் பள்ளிக்கு என்பது அந்தத் தாண்டலில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அவருடைய அணியினர் கொண்டாடத் தொடங்கிய வேளையில், எதிரணியான மன்ரோவியா பள்ளியின் பயிற்சியாளர் தன் மணிக்கட்டைச் சுட்டிக் காட்டினார். அந்த மாணவியின் கையில் தோழிகள் ஒருவருக்கொருவர் கட்டிக்கொள்ளும் வண்ண நூல் கயிறு ஒன்று இருந்தது. போட்டியாளர் நகை அணியக் கூடாது என்பது அன்றைய தேசிய விதி. நூலும் நகையாகவே எண்ணப்பட்டது. தாண்டல் செல்லாது என்று ஆயிற்று, பட்டம் மன்ரோவியாவுக்குப் போனது.

அந்தக் கயிறு கோலை இலகுவாக்கவில்லை, குறுக்குக் கம்பியைத் தாழ்த்தவும் இல்லை. தாண்டுவதற்கு முன் யாராவது ஒருவர் வாயைத் திறந்திருந்தால் பத்து வினாடியில் கத்தரித்து எறிந்திருக்கலாம்.

செப்டம்பர் 9

"பயிற்சியாளர் செய்தது விதிப்படி சரிதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். முற்றிலும் சரி. அவர் எந்த விதியையும் மீறவில்லை. எனக்கு உறுத்துவதும் அதுதான். ஒரு விதியைக் காப்பாற்றும் பொறுப்பு நடுவரிடமிருந்து நழுவி, அது மீறப்பட்டால் யாருக்கு ஆதாயமோ அவர் கைக்குப் போய்விட்டால், அதன்பின் எல்லாருடைய கண்ணும் மைதானத்தை விட்டுவிட்டு மணிக்கட்டுகளின் மேல் பதிந்துவிடுகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த விதிகளை எழுதுவது மாநில உயர்நிலைப் பள்ளிச் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பு. 1920-இல் தொடங்கப்பட்ட அமைப்பு, இண்டியானாபொலிஸ் நகரிலிருந்து செயல்படுகிறது. மாநிலச் சங்கங்கள் அந்த விதிகளை ஏற்று, தங்களுக்கு வேண்டிய சிறு மாற்றங்களுடன் நடைமுறைப்படுத்துகின்றன. சவுத் பாசடேனா நிகழ்ந்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, 2014-15 பருவத்திலிருந்து, தடகளத்திலும் கிராஸ் கன்ட்ரியிலும் நகைத் தடையை அந்தக் கூட்டமைப்பே நீக்கிவிட்டது. இன்று அதே மாணவி இரண்டு கைகளிலும் முழங்கைவரை கயிறு கட்டிக்கொண்டு தாண்டலாம். நான்கு ஆண்டுகளில் கயிற்றின் ஆபத்து குறைந்துவிட்டதா? அந்த ஆபத்து முதலிலேயே இல்லை என்பதை ஒப்புக்கொள்ள அவ்வளவு காலம் ஆயிற்று என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

செப்டம்பர் 11

எங்கள் மாநிலத்திலேயே நடந்தது ஒன்று உண்டு. 2019 அக்டோபரில், சில்வேனியா நார்த்வியூ பள்ளியைச் சேர்ந்த 16 வயது மாணவி மாவட்ட அளவிலான கிராஸ் கன்ட்ரி பந்தயத்தில் 5 கிலோமீட்டரை 22 நிமிடம் 22 வினாடியில் ஓடி முடித்தார். அந்தப் பருவத்தில் அவருடைய சிறந்த நேரம் அது. முடிவுகள் ஒட்டப்பட்ட பலகையில் தன் பெயரைத் தேடியபோது அது அங்கே இல்லை. தலையில் ஹிஜாப் அணிந்து ஓடியதற்காகத் தகுதிநீக்கம் செய்யப்பட்டிருந்தார். அதே ஹிஜாபுடன்தான் அந்தப் பருவம் முழுவதும் ஓடியிருந்தார். எந்தப் பந்தயத்திலும் யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. ஹிஜாபைத் தடைசெய்த ஒரு விதி ஒரு சிறுமியின் ஓட்டத்தை அழித்தது.

செப்டம்பர் 12

நேற்றைய குறிப்பின் கடைசி வாக்கியம் தவறு. விதி ஹிஜாபைத் தடைசெய்யவில்லை; மதக் காரணத்துக்காகத் தலையை மூடுபவர் மாநிலச் சங்கத்திடமிருந்து முன்கூட்டியே ஒரு விலக்குக் கடிதம் பெற்றிருக்க வேண்டும் என்றுதான் சொன்னது. சக நடுவர் ஒருவர் சுட்டிக்காட்டினார், நன்றி.

ஆனால் திருத்திய பிறகு இந்தக் கதை எனக்கு இன்னும் கசக்கிறது. கடிதம் எழுதுவது, அதை அனுப்புவது, பதிலைக் கோப்பில் வைப்பது எல்லாம் பெரியவர்களின் அலுவல். பந்தயத்துக்கு முன் நடுவர்கள் அணியின் சீருடைகளைப் பார்வையிட்டார்கள். அவருடைய சக வீராங்கனை ஒருவரின் கால்சட்டை மற்றவர்களுடையதோடு பொருந்தவில்லை என்று சொல்லப்பட்டது. அவர் மாற்றிக்கொண்டு ஓடினார். ஹிஜாப் பற்றியும் பயிற்சியாளரிடம் பந்தயத்துக்கு முன்பே சொல்லப்பட்டிருக்கிறது. அந்தச் செய்தி ஓடப்போகிற மாணவியை மட்டும் எட்டவில்லை. பெரியவர்கள் எல்லாருக்கும் தெரிந்த ஒன்றைத் தெரியாமல் அவர் 5 கிலோமீட்டர் ஓடினார். விலக்குக் கோரியதும் அது உடனே கிடைத்தது. அடுத்த வட்டாரப் பந்தயத்தில் அதே ஹிஜாபுடன் ஓடினார். கேட்ட மாத்திரத்தில் கிடைக்கக்கூடிய ஒரு தாள் இல்லாததற்காக ஒரு பருவத்தின் சிறந்த ஓட்டம் செல்லாமல் போனது.

2022-இல் ஒஹையோ சட்டமன்றம் நிறைவேற்றிய 181-ஆம் எண் செனட் மசோதாவில் ஆளுநர் மைக் டிவைன் கையெழுத்திட்டார். மத உடைக்கு முன் அனுமதி கேட்கும் வழக்கம் எங்கள் மாநிலத்தில் அதோடு முடிந்தது. போட்டியாளர்களுக்கு உண்மையான ஆபத்து என்றால் மட்டும் தடுக்கலாம்.

செப்டம்பர் 12, பின்னிரவு

மேரிலாந்தில் 2017-இல் இதற்கு அண்ணன் முறையான ஒரு நிகழ்ச்சி உண்டு. வாட்கின்ஸ் மில் பள்ளியின் கூடைப்பந்து அணியில் இருந்த மாணவி 24 ஆட்டங்கள் ஹிஜாபுடன் அணியில் இருந்தார். வட்டார இறுதி ஆட்டத்தில் கடிதம் எங்கே என்று கேட்டு உட்கார வைத்தார்கள். 24 ஆட்டங்கள் தூங்கிய விதி 25-ஆவது ஆட்டத்தில் விழித்துக்கொண்டது. அதே ஆண்டு உலகக் கூடைப்பந்துச் சம்மேளனம் தலைத்துணித் தடையை நீக்கியது. பள்ளிகள் உடனே பாடம் கற்றுவிடவில்லை: 2020 செப்டம்பரில் நாஷ்வில்லில் 14 வயது கைப்பந்து வீராங்கனை ஒருவர் அதே கடிதம் இல்லாமல் வெளியேற்றப்பட்டார். அடுத்த ஆண்டுதான் கைப்பந்தில் அந்த அனுமதித் தேவையைத் தேசியக் கூட்டமைப்பு எடுத்தது.

செப்டம்பர் 15

"உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு நேர்ந்திருந்தால்தான் தெரியும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நேர்ந்திருக்கிறது. எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

2009 வசந்தகாலம். என் மகள் 15 வயதில் தன் பள்ளியின் நான்கு பேர் கொண்ட 800 மீட்டர் தொடரோட்ட அணியில் மூன்றாவதாக ஓடினாள். அந்த ஆண்டு ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியாரைப் பிட்ஸ்பர்க் வெங்கடேஸ்வரர் கோயிலுக்கு அழைத்துப் போயிருந்தோம். அங்கே வாங்கிய சிவப்புக் கயிற்றை அவர் பேத்தியின் வலக்கையில் மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டார். அம்மாச்சி கட்டிய கயிறு தானாக அறுந்து விழும்வரை கழற்றக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். லீக் இறுதிப் போட்டியில் அணி இரண்டாவதாக வந்தது. பந்தயம் முடியும்வரை அந்தக் கயிற்றை யாரும் பார்க்கவில்லை. முடிந்த பிறகு தடத்தின் ஓரத்தில் நின்ற ஒரு நடுவர் மஞ்சள் கொடியைத் தூக்கினார். நகை அணிந்து ஓடியதாகச் சொல்லி நான்கு பேரையும் தகுதிநீக்கம் செய்தார்கள்.

கவனியுங்கள், நான்கு பேரை. கயிறு ஒரு கையில். தண்டனை எட்டுக் கைகளுக்கு. அவர்களில் கடைசியாக ஓடிய பெண் அந்த ஆண்டு பள்ளிப் படிப்பை முடிப்பவள், அதுதான் அவள் ஓடிய கடைசிப் பந்தயம். நான் அந்த நடுவரிடம் போய், இது நகை இல்லை, வழிபாட்டுப் பொருள் என்று விளக்க முயன்றேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். விதிப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். அவருடைய விரல் இருந்த வரியில் அந்த வேறுபாடு எதுவும் இல்லை. அன்று இரவு மாமியார் என்னிடம், "ஓடும்போது கையில் கயிறு இருந்தால் இவர்களுக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்டார். எனக்கு இன்றுவரை பதில் கிடைக்காத கேள்வி அது.

நான் நடுவர் உரிமம் எடுத்ததற்கு அந்த மாலைதான் காரணம். பழிவாங்கவா என்று கேட்காதீர்கள். தொடக்கத்தில் கொஞ்சம் அப்படித்தான்.

செப்டம்பர் 16

நேற்று எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன், மறந்ததால் அல்ல. பருவத் தொடக்கத்தில் பயிற்சியாளர் பெற்றோருக்கு ஒரு தாள் அனுப்பியிருந்தார். அதில் நகை கூடாது என்ற வரி இருந்தது. கீழே பெற்றோர் கையெழுத்து என்று ஒரு கோடு. அந்தக் கோட்டின் மேல் என் கையெழுத்து. படிக்காமல் போட்ட கையெழுத்து. படித்திருந்தாலும் காசிக் கயிற்றை நகை என்று என் புத்தி எடுத்துக்கொண்டிருக்குமா என்பது வேறு விஷயம், ஆனால் கேட்டிருக்கலாம்.

ஆகவே முதல் கேள்வியை எழுதியவர் "விதி எல்லாருக்கும் தரப்படுகிறது" என்று சொன்னது என் வீட்டைப் பொறுத்தவரை உண்மை. அது என்னிடம் தரப்பட்டது. தண்டனை என்னிடம் வரவில்லை.

செப்டம்பர் 18

நியூ ஜெர்சி மல்யுத்த நிகழ்ச்சியைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். அதைத் தனியாக எழுத வேண்டும் என்று வைத்திருந்தேன், ஏனென்றால் அங்கே தகுதிநீக்கமே நடக்கவில்லை. அதைவிட மோசமான ஒன்று நடந்தது.

2018 டிசம்பர் 19. புவெனா ரீஜனல் பள்ளியின் 16 வயதுக் கறுப்பின மாணவர் ஆட்டப் பாயில் நிற்கிறார். அவருக்குச் சடைமுடி. அன்றைய விதிப்படி முடி பின்னால் சட்டைக் கழுத்துப்பட்டையின் மேல்விளிம்பையும், பக்கங்களில் காதுமடலையும், முன்னால் புருவத்தையும் தாண்டக் கூடாது. தாண்டினால் விதிப்படியான உறை போட்டுக்கொள்ளலாம். அவரிடம் உறை இருந்தது. அது தலைக்கவசத்தோடு இணைக்கப்படும் வகையைச் சேர்ந்ததாக இல்லை என்று நடுவர் சொன்னார். முடியை வெட்டு, அல்லது ஆட்டத்தை இழ. அதற்குள் கடிகாரம் 90 வினாடியை எண்ணத் தொடங்கிவிட்டது. பள்ளியின் உடற்பயிற்சி மருத்துவ உதவியாளர் அரங்கம் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கக் கத்தரிக்கோலால் சடைகளை வெட்டினார். மாணவர் பாய்க்குத் திரும்பி, கூடுதல் நேரத்தில் வென்றார். வெற்றி அறிவிக்கப்பட்டுக் கை உயர்த்தப்பட்டபோது அவர் முகத்தில் இருந்ததை அந்தக் காணொளியைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

எடை பார்க்கும் நேரத்தில் அந்த நடுவர் வந்து சேர்ந்திருக்கவில்லை என்றும், முந்தைய போட்டியொன்றில் வேறொரு நடுவர் அதே முடியுடன் உறையில்லாமலே ஆட விட்டார் என்றும் குடும்பத்தின் வழக்கறிஞர் பின்னர் சொன்னார். முடி ஒரே இரவில் வளர்வதில்லை. மதியம் சொல்லியிருந்தால் வேறொரு உறையைத் தேடியிருக்கலாம், பக்கத்துப் பள்ளியில் கடன் வாங்கியிருக்கலாம். பாயின் நடுவில் நிற்கவைத்துச் சொல்லும்போது கத்தரிக்கோல் ஒன்றுதான் கைக்கெட்டுகிறது.

2019 செப்டம்பரில் நியூ ஜெர்சியின் குடிமை உரிமைகள் பிரிவு மாநிலச் சங்கத்துடன் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தது. அந்த நடுவர் இரண்டு ஆண்டுகள் விலக்கிவைக்கப்பட்டார். சடைகள் வெட்டப்பட்டுச் சரியாக ஓராண்டு கழித்து, 2019 டிசம்பர் 19 அன்று, முடியின் இயல்பையும் அதை அலங்கரிக்கும் முறையையும் காட்டிப் பாகுபாடு செய்வதைத் தடுக்கும் கிரவுன் சட்டத்தில் ஆளுநர் ஃபில் மர்ஃபி கையெழுத்திட்டார். கலிபோர்னியா அந்த ஆண்டு கோடையிலேயே அத்தகைய சட்டத்தை இயற்றிவிட்டிருந்தது.

செப்டம்பர் 19

"நேற்று நீங்கள் எழுதியது இனப் பாகுபாடு, சீருடை விதி அல்ல, இரண்டையும் குழப்புகிறீர்கள்" என்ற மறுப்பை இரண்டு முறை படித்தேன். பிரித்துப் பார்க்க முடிந்தால் நல்லதுதான். ஆனால் தலையில் எது இயல்பு, எது மிகை என்று ஒரு விதி முடிவு செய்யும்போது அதை எழுதியவர்களின் தலை எப்படி இருந்தது என்பதும் அதற்குள் நுழைந்துவிடுகிறது. சுருள் முடிக்காரரும் சடை போட்டவரும் ஹிஜாப் அணிந்தவரும் காசிக் கயிறு கட்டியவளும் தாமாகவே விதிவிலக்குப் பகுதியில் விழுந்துவிடுகிறார்கள். மற்றவர்கள் ஒருநாளும் அந்தப் பக்கத்தைப் புரட்ட வேண்டியிருப்பதில்லை.

இண்டியானாவின் கிரீன்ஸ்பர்க் ஊரில் கூடைப்பந்து ஆடும் பையன்களுக்கு மட்டும் முடி காதுக்கும் புருவத்துக்கும் கழுத்துப்பட்டைக்கும் மேலே இருக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. அதை ஏற்காத ஒரு மாணவர் அணியிலிருந்து விலக்கப்பட்டார். பெண்கள் அணிக்கு அப்படியொரு விதி இல்லை என்பதைக் காட்டி, 2014-இல் சிகாகோவிலுள்ள ஏழாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் இது பாலினப் பாகுபாடு என்று தீர்ப்பளித்தது.

செப்டம்பர் 19, மாலை

அலாஸ்கா, 2019 செப்டம்பர். ஆங்கரேஜ் நகரின் டைமண்ட் பள்ளி நீச்சல் வீராங்கனை 100 கெஜப் பந்தயத்தில் வென்ற பிறகு, நீச்சலுடை உடலை மூடிய அளவு போதவில்லை என்று தகுதிநீக்கம் செய்யப்பட்டார். பள்ளி வழங்கிய அதே உடையைத்தான் அணி முழுவதும் அணிந்திருந்தது. சில நாட்களில் மாநிலச் சங்கம் அந்த முடிவை ரத்துசெய்து புள்ளிகளைத் திருப்பித் தந்தது. ஒரே துணி ஒரு பெண்ணின் உடலில் குற்றமாகவும் பக்கத்தில் நிற்பவளின் உடலில் சீருடையாகவும் இருக்குமானால், நடுவர் அளந்தது துணியை அல்ல.

செப்டம்பர் 21

இன்று ஒரு பந்தயம் இருந்தது. அதனால் கொஞ்சம் இளைப்பாறலாக எழுதுகிறேன்.

சீருடையில் தெரியும் தயாரிப்பாளர் முத்திரை இரண்டேகால் சதுர அங்குலத்தைத் தாண்டக் கூடாது, எந்தப் பக்கமும் இரண்டேகால் அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது என்று விதி இருக்கிறது. உரிமம் பெற்ற புதிதில் நான் தையற்காரர் நாடாவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். கல்யாண வீட்டில்கூட விருந்தினரின் சட்டை முத்திரையைக் கண்ணால் அளக்கிறேன் என்று என் மனைவி சொல்வதுண்டு.

2021 அக்டோபரில், தொடக்கக் கோட்டில் ஒரு பையன் அண்ணனின் பழைய கால்சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். பள்ளி கொடுத்தது இடுப்பில் நிற்கவில்லையாம். முத்திரை என் உள்ளங்கை அளவு இருந்தது. துப்பாக்கி ஒலிக்க நான்கு நிமிடம். நான் அவனைக் கூடாரத்துக்குப் பின்னால் அழைத்துப் போய்க் கால்சட்டையைப் புறம் மாற்றிப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். முத்திரை உள்ளே போயிற்று, பை இரண்டும் முயல் காதுபோல் வெளியே வந்தன. அந்தக் கோலத்தில் ஓடி 40-ஆவது இடத்துக்குப் பக்கத்தில் வந்தான். விதியும் காப்பாற்றப்பட்டது, பையனும் ஓடினான்.

செப்டம்பர் 22

இதைப் படித்துவிட்டு, "அப்படியானால் உடை விதியே வேண்டாம் என்கிறீர்களா?" என்று கேட்பது நியாயமில்லை. காரணம் உள்ள விதிகளை நான் மனமாரச் செயல்படுத்துகிறேன். பள்ளிக் கூடைப்பந்துச் சட்டைகளில் 6, 7, 8, 9 என்ற இலக்கங்கள் நெடுங்காலமாகக் கிடையாது. தவறிழைத்தவரின் எண்ணை நடுவர் இரண்டு கை விரல்களால் காட்ட வேண்டும் என்பதும் ஒரு கைக்கு ஐந்து விரல் என்பதும் காரணம். இதைக் கேட்டவுடன் எந்தப் பிள்ளையும் சிரித்துவிட்டு ஏற்றுக்கொள்ளும். தொடரோட்டத்தில் நான்கு பேரும் ஒரே அணியாகத் தெரிய வேண்டும்; இல்லாவிட்டால் முடிவுக் கோட்டில் நிற்பவருக்குத் தலை சுற்றும். மல்யுத்தத்தில் உலோகம் எதிராளியின் கண்ணைக் கிழிக்கும்.

தண்டனை யாருக்கு என்பதிலும் நல்ல முன்மாதிரிகள் நம் கண்முன்னே இருக்கின்றன. அமெரிக்கக் கால்பந்தில் ஆட்டம் தொடங்கும் முன்பே, தன் வீரர்கள் எல்லாரும் விதிப்படி உடையும் கவசமும் அணிந்திருக்கிறார்கள் என்று தலைமைப் பயிற்சியாளர் நடுவரிடம் உறுதி சொல்ல வேண்டும். பிறகு குறை தெரிந்தால் கணக்கு அவரிடம் தொடங்குகிறது. கூடைப்பந்தில் சட்டை விதிக்குப் பொருந்தாவிட்டால் டெக்னிக்கல் ஃபவுல் என்னும் ஒழுங்குமீறல் தவறு தலைமைப் பயிற்சியாளர் பெயரில் ஏறுகிறது. தடகளத்திலும் இன்று முதலில் சரிசெய்யச் சொல்லி எச்சரிக்கிறோம். மறுபடி மீறினால்தான் தகுதிநீக்கம்.

செப்டம்பர் 23

எச்சரிக்கை முறையைப் பற்றி நேற்று பெருமையாக எழுதிவிட்டேன். இரவு படுத்த பிறகு தோன்றியது: எச்சரிக்கையும் கண்ணில் படுபவருக்குத்தான் கிடைக்கிறது. பெரிய பந்தயத்தில் 200 பேர் வரிசையில் நிற்கும்போது நான் யாரை உற்றுப் பார்க்கிறேன்? தலையில் துணி கட்டியவரை, மணி கோத்த பின்னல் போட்டவளை, நிறம் மாறிய உள்சட்டை அணிந்தவனை. பள்ளிக்குப் பணமிருந்து, புதுச் சீருடையில் வரிசையாக வந்து நிற்கும் அணியை நான் பார்ப்பதே இல்லை. அவர்களில் ஒருவனின் காலுறையில் இரண்டு முத்திரை இருந்தால் எனக்குத் தெரியப்போவதில்லை. மறுப்பு எழுதியவருக்கு 19-ஆம் தேதி சொன்ன பதிலை எனக்கும் சேர்த்துச் சொல்லிக்கொள்கிறேன்.

செப்டம்பர் 25

தமிழ்நாட்டு நண்பர் ஒருவர், "கயிற்றை இவ்வளவு எளிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், எங்கள் ஊரில் அது உயிர் பிரச்சினை" என்று எழுதியிருக்கிறார். மிகச் சரி. பள்ளி மாணவர்கள் சாதிக்கொரு நிறத்தில் மணிக்கட்டுக் கயிறு கட்டும் வழக்கத்தைத் தடைசெய்ய வேண்டும் என்று நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் தமிழக அரசிடம் அளித்த அறிக்கை பரிந்துரைத்திருக்கிறது. அங்கே கயிறு இன்னொரு மாணவனைப் பார்த்து ஏதோ சொல்கிறது, அவனை ஒதுக்குகிறது, சில நேரம் அடிக்க ஆள் சேர்க்கிறது. தடைக்கான காரணம் கயிற்றிலேயே இருக்கிறது. கலிபோர்னியாவில் தோழிகள் கட்டிக்கொண்ட கயிறு யாரையும் பார்த்து எதையும் சொல்லவில்லை.

செப்டம்பர் 26

சட்டம் படித்தவர்களுக்காக ஒன்று. 1982-இல் அதே ஏழாவது வட்ட நீதிமன்றத்தில் இல்லினாய் உயர்நிலைப் பள்ளிச் சங்கத்துக்கு எதிரான ஒரு வழக்கு வந்தது. யூதப் பள்ளி மாணவர்கள் கூடைப்பந்து ஆடும்போதும் யார்மல்க் என்னும் சிறு தொப்பியை அணிய விரும்பினார்கள். அது கொண்டை ஊசியால் நிற்கும். கழன்று தரையில் விழுந்தால் யாராவது வழுக்கலாம் என்று சங்கம் தடுத்தது. தீர்ப்பை எழுதிய நீதிபதி ரிச்சர்ட் போஸ்னர் இரு தரப்பிலும் முழுமையாகச் சாயவில்லை. தலையை மூடுவது சமயக் கடமை, கொண்டை ஊசி சமயக் கடமை அல்ல; ஆகவே விழாமல் உறுதியாக நிற்கும் ஒரு தலையணியை மாணவர்கள் வடிவமைத்துக் காட்டட்டும், அது பாதுகாப்பானது என்றால் சங்கத்துக்கு மறுக்கக் காரணம் இல்லை என்ற திசையில் வழக்கை நகர்த்தினார். முயல் காது வெளியே தெரிய ஓடிய பையனின் நினைவு எனக்கு இங்கேதான் வந்தது. முதலில் சரிசெய்ய வழி இருக்கிறதா என்று பார்ப்பது அன்று ஒரு நீதிமன்றத்துக்கு இயல்பாகத் தோன்றியிருக்கிறது. மைதானத்தில் எங்களுக்கு அது தோன்ற நாற்பது ஆண்டுகள் பிடிக்கின்றன.

செப்டம்பர் 27

முதல் கேள்வியை எழுதியவர் மீண்டும் வந்து, "நடுவர் முன்கூட்டியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் பிள்ளைகள் எப்போது பொறுப்புக் கற்பார்கள்?" என்று கேட்கிறார். நல்ல கேள்வி. என் மகள் அந்த ஆண்டுக்குப் பிறகு மூன்று பருவங்கள் ஓடினாள். ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன் தன் கையை மட்டுமல்ல, அணியிலுள்ள எல்லார் கைகளையும் பிடித்துப் பார்ப்பாள். அதைப் பொறுப்பு என்று சொல்வீர்களானால் கற்றுக்கொண்டாள். எனக்கு அது பயம்போலத்தான் தெரிந்தது. இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோல இருப்பதால் நான் பிடிவாதம் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 29

என் மகளுக்கு இந்த இழையின் சுட்டியை யாரோ அனுப்பியிருக்கிறார்கள். அவளுக்கு இப்போது முப்பது வயது. தமிழ் மெதுவாகத்தான் படிப்பாள், ஆனால் முழுவதும் படித்துவிட்டாள். நேற்றிரவு தொலைபேசியில் இரண்டு திருத்தங்கள் சொன்னாள்.

முதலாவது, "அப்பா, அது சிவப்புக் கயிறு இல்லை, கருப்புக் கயிறு. சிவப்பு அம்மா கையில் இருந்தது."

இரண்டாவது, பந்தயத்துக்கு அரை மணி நேரம் முன்பு பெயர் பதியும் கூடாரத்தில் இடுப்பில் ஒட்டும் எண்ணைக் கொடுத்த பெண்மணி அவள் கையைப் பிடித்துப் பார்த்து, அழகாக இருக்கிறதே, யார் கட்டியது என்று கேட்டிருக்கிறார். பாட்டி கட்டியது என்று இவள் சொல்லியிருக்கிறாள். அவர் சிரித்துவிட்டு அடுத்த பெண்ணின் எண்ணை எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

ஆகவே செப்டம்பர் 15 குறிப்பில் "சிவப்பு" என்பதைக் "கருப்பு" என்று மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள். "பந்தயம் முடியும்வரை அந்தக் கயிற்றை யாரும் பார்க்கவில்லை" என்ற வாக்கியத்தை அடித்துவிடுங்கள்.